இரண்டு சேர்விலக்கம்

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.
அதற்கு முன்னிருந்த இருபது நாளும்
எங்கே போனதென்று கேட்காதீர்கள்.
பிரிண்ட் எடுக்கிற கடையில் மை தீர்ந்தது ஒரு நாள்.
கிராம சேவகர் காணிப் பிணக்கொன்றைப் பார்க்கப் போய்
இரண்டு நாள் வரவேயில்லை.
பிறப்புச் சான்றிதழில் நான் டிலக்சினி,
அடையாள அட்டையில் டிலக்ஷினி.
அந்த ஓர் எழுத்துக்குச் சத்தியக் கடதாசி முடிக்க
சமாதான நீதவான் வீட்டு நாய்
என்னைக் கண்டு குரைப்பதை நிறுத்தும்வரை
நடந்திருக்கிறேன்.

மிச்சம் ஒரு கையெழுத்து.
அதிபரோ திருகோணமலையில்,
மாகாணக் கல்வித் திணைக்களத்தில், கூட்டத்தில்.
பாடசாலை முத்திரை அவருடைய கைப்பைக்குள்.

மூதூரில் ஆறரை பஸ்.
கங்கைப் பாலம், இறால்குழிப் பாலம்,
உப்பாற்றுப் பாலம், கிண்ணியாப் பாலம்.
மடியில் பைல், பைலுக்கு மேலே சோற்றுப் பார்சல்.
குழம்பு கசிந்துவிடுமோ என்ற பயத்தில்
பசியில்லாமலே
வழியில் முழுவதையும் தின்று முடித்தேன்.

திணைக்களத்து வாசலில் காவலாளி கதிரை தரவில்லை,
நிழல் தந்தார்.
பத்தரை. பதினொன்றே கால்.
வீதியைக் கடந்து ஒரு புள்ளிமான் வந்தது,
இந்த ஊரில் ஆடு மாடு மாதிரி அதுவும்.
குப்பைக் கூடைக்குள் தலையை விட்டு
யாரோ கிழித்தெறிந்த படிவமொன்றை
நிதானமாக மென்றது.
அதற்கும் உடம்பு நிறையப் புள்ளி.
வெட்டுப்புள்ளி எவ்வளவென்று
ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை.
நான் பைலை மறு கைக்கு மாற்றினேன்.

தேநீர் இடைவேளையில் வந்தார் அதிபர்.
மேசையில்லை.
யாருடையதோ மோட்டார் சைக்கிள் இருக்கையில்
படிவத்தை விரித்தார், வெயிலில் அது சுட்டது.
பெயர் சரி. பாடம் சரி. பெறுபேறு சரி.
பேனா ஒரு பெட்டிக்கு மேலே நின்றது:
சேர்விலக்கம்.

"அறுபத்திமூன்று, சேர்."
"அது முகாம் பள்ளிக்கூடத்து இடாப்பு.
முதலாம் வகுப்பில் சேர்ந்தது எங்கே?"
"சம்பூரில். நாலு மாதம்."
அந்த இடாப்பு அலுமாரிக்குள் இருந்தது.
ஒன்பது வருசம் கழித்துப் போய்ப் பார்த்தபோது
அலுமாரி நின்ற சுவரும் இல்லை.
"ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு" என்றேன்.
"யார் சொன்னது?"
"அம்மா."

அவர் சிரிக்கவில்லை.
"ஆயிரத்துக்கு மேலே பிள்ளைகள் அந்த இடாப்பில்.
எல்லாருக்கும் அம்மாமாரிடமா கேட்கிறது?"
என்று மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொன்னார்.
படிவம் கேட்பது ஒரு பள்ளிக்கூடம், ஒரு விலாசம்,
ஓர் இலக்கம்.
எங்கள் பள்ளிக்கூடம் பெயரை மாற்றாமல்
மூன்று இடத்தில் மணியடித்திருக்கிறது.
பிறகு அந்தக் குட்டிப் பெட்டிக்குள்
1147ஐ மேலே எழுதி
நடுவில் ஒரு கோடிழுத்து
63ஐக் கீழே எழுதினார்,
பின்னக் கணக்குப் போல.
சுருக்கச் சொன்னால்
நான் எப்படிச் சுருக்குவேன்?
முத்திரையை வாயால் ஊதிக் குத்தினார்.
கொஞ்சம் சரிந்துதான் விழுந்தது.

பெரிய தபால் கந்தோரில் இரண்டே முக்கால்.
எனக்கு முன்னால் ஏழு பேர்,
ஏழு பேர் கையிலும் அதே பழுப்பு உறை,
அதே கொழும்பு விலாசம்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
ஒவ்வோர் உறையும் மற்றதற்குப் போட்டி.
ஆனால் பசை காயாமல் நின்ற பையனுக்கு
என் ஸ்டேப்ளரைக் கொடுத்தேன்.
அவன் இரண்டு கம்பி அடித்துவிட்டு
"மூன்றாவது தரம் எடுத்தது" என்றான்,
நான் கேட்காமலே.

கவுண்டரில் இருந்த பெண் உறையை நிறுத்தாள்.
திகதி முத்திரை விழுந்த சத்தம்
முதுகுத்தண்டில் கேட்டது.
பற்றுச்சீட்டை நீட்டி,
"இதைத் தொலைச்சிராதீங்க" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவின் அழைப்பு.
"போட்டாச்சா?"
"போட்டாச்சு."
"நம்பர் தந்தாங்களா?"
தந்தார்கள், அம்மா. இன்னுமொரு நம்பர்.
கிண்ணியாப் பாலம் ஏறுமுன்
அதை இரண்டு தரம் உனக்கு வாசித்தேன்.
மறுமுனையில் நீ
பேனா தேடவில்லை.